பன்றிக்கு ஒரு சுருக்குக் கம்பி

தலைப்பைப் பார்த்ததும் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சாரலைப் பற்றியும் ஐந்தருவிக் குளியலைப் பற்றியும் எழுதியபோது "அருமை" என்று சொன்ன நண்பர்களே, "இப்போது எதற்கு சார் பன்றி?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாற்பது வருஷமாக என் மனதுக்குள் கிடக்கும் விஷயம் இது. இறக்கி வைக்க இதைவிட நல்ல இடம் எனக்கு இல்லை.

போன மாதம் பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பேரனின் சிநேகிதன் ஒருவன் புதிதாகப் போட்டிருக்கும் பன்றிப் பண்ணையைப் பார்க்கப் போனோம். வெண்பன்றிகள். சிமென்ட் தரை, தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நம் தெருக்களில் சாக்கடையில் புரண்ட பன்றிகளை நினைத்துக்கொண்டு போன எனக்கு அதுவே ஆச்சரியம். அன்றைக்கு ஒரு தாய்ப் பன்றிக்குக் கழுத்தில் சீழ்க்கட்டி. பார்க்க வந்திருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். பன்றியின் எடை 150 கிலோவுக்குக் குறையாது. இந்தப் பெண் எப்படி இதைப் பிடித்து நிறுத்தப் போகிறாள் என்று நான் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

பண்ணையில் வேலை செய்யும் பையன் ஒரு கருவியை எடுத்து வந்தான். இரண்டடி நீளமுள்ள ஓர் இரும்புக் குழாய். அதன் ஒரு முனையில் பிளாஸ்டிக் உறை போட்ட எஃகு வடம் வளையமாகத் தொங்குகிறது. வடத்தின் மறுமுனை குழாய்க்குள்ளே ஓடி வந்து ஒரு கைப்பிடியில் முடிகிறது. கைப்பிடியை இழுத்தால் வளையம் இறுகும், தள்ளினால் தளரும். அவ்வளவுதான். மேனாட்டுப் பண்ணைகளில் இது நெடுங்காலமாக இருக்கிறது. நம் ஊரில் இதற்கென்று ஊன்றிய பெயர் எதுவும் என் காதில் விழுந்ததில்லை. நான் சுருக்குக் கம்பி என்றே எழுதுகிறேன்.

அவன் பன்றியின் முகத்துக்கு முன்னால் அந்த வளையத்தை ஆட்டினான். பன்றிக்கு எதையும் கடித்துப் பார்க்கும் புத்தி. வாயைத் திறந்து வளையத்தைக் கடித்தது. அந்த நொடியில் வளையத்தை மேல்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் தள்ளி, கைப்பிடியை இழுத்துவிட்டான். பன்றி பின்பக்கமாகச் சாய்ந்து நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. முன்னால் பிடித்து இழுப்பதை எதிர்த்துப் பின்னால் இழுப்பது அதன் பிறவிக் குணம். அந்தக் குணம்தான் அதைக் கட்டிப் போடுகிறது. பையன் பக்கத்தில் இருந்தவனோடு பேசிக்கொண்டே குழாயைப் பிடித்திருந்தான். டாக்டர் கட்டியைக் கீறி, சீழை எடுத்து, மருந்து வைத்து, ஓர் ஊசியும் போட்டுவிட்டார். பையன் கைப்பிடியைத் தள்ளினான், வளையம் கழன்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. பன்றி தலையை உதறிக்கொண்டு நேரே தீவனத் தொட்டிக்குப் போனது.

எல்லோரும் வெளியே வந்தார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பேரன், "என்ன தாத்தா, மயக்கம் வருதா?" என்று கேட்டான். மயக்கமில்லை. பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். 1980-களின் நடுவில் நான் ஒரு கால்நடை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஊர் வேண்டாம். வருஷா வருஷம் மருந்தகத்திலிருந்து தேவைப் பட்டியல் வரும். நம் ஜனங்கள் அதை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் மாட்டுக்கு எல்லாம் உண்டு. மூக்கைப் பிடிக்கும் இடுக்கி, காயடிக்கும் பர்டிசோ, வயிறு உப்பினால் குத்தும் குழல், வாசலிலே மாட்டை உள்ளே விட்டு நிறுத்தும் இரும்புக் குழாய்ச் சட்டம். பன்றிக்கு ஒன்றுமே கிடையாது. அந்த வருஷம் வந்திருந்த இளம் டாக்டர், அச்சடித்த பட்டியலுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "பன்றிகளைப் பிடித்து நிறுத்தும் சுருக்கு, எண்ணிக்கை 2."

நான் அந்த வரியை அடித்தேன். மேலதிகாரி சொல்லி அல்ல, நானாகவேதான். பக்கத்தில் "கணக்குத் தலைப்பு இல்லை, தேவை விளக்கப்படவில்லை" என்று அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன். குறிப்பு எழுதுவதில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பன்றிதானே என்ற நினைப்பு.

அடுத்த சித்திரையில் நான் ஒரு வேலையாக அந்த மருந்தகத்துக்குப் போயிருந்தேன். பன்றி வளர்க்கும் ஒருவர் வந்து நின்றார். அவருடைய தாய்ப் பன்றிக்குக் காதுக்குப் பின்னால் புழு வைத்த புண். கூட்டி வர முடியாது, டாக்டர்தான் வரவேண்டும் என்றார். டாக்டர் கிளம்பினார், நானும் கூடப் போனேன். உச்சி வெயில். நாலு பேர் கயிற்றோடு பன்றியைத் துரத்தினார்கள். பன்றிக்குக் கழுத்தும் தலையும் ஒரே பருமன், கழுத்தில் போட்ட கயிறு நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் காலைப் பிடித்துக் கீழே தள்ளி, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். பன்றிக்கு நம்மைப்போல வேர்த்து உடம்பு தணியாது. வெயிலில் மிரண்டு ஓடினால் உள்சூடு ஏறிக்கொண்டே போகும். புண்ணைக் கழுவத் தொடங்கியபோதே அதற்கு மூச்சு வாங்கியது. பாதிப் புழுவை எடுப்பதற்குள் அடங்கிவிட்டது. வயிற்றில் குட்டிகள் இருந்தன.

டாக்டர் ஒன்றும் பேசாமல் கையைக் கழுவினார். அந்த மனிதர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், நான் சட்டையை உள்ளே விட்டு நின்றதால் என்னையும் பெரிய அதிகாரி என்று நினைத்திருப்பார்: "புண்ணுல சாகல சார். பிடிச்சதுல செத்துப்போச்சு."

அந்தச் சுருக்கு இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் அடித்த வரி எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அவர் கடைசி வரை அதை என்னிடம் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, இப்போது சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். நம் தென்காசி மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் இந்தச் சுருக்குக் கம்பி ஒன்றாவது இருக்கவேண்டும். பயன்படுத்தத் தெரிந்த ஒரு கையும் இருக்கவேண்டும். விலை பெரிதில்லை. நம் ஊர்ப் பட்டறையில் கேட்டுப் பார்த்தேன், சில நூறு ரூபாய்க்குள் செய்து தருகிறேன் என்கிறார்கள். தடை எல்லாம் நம் மனதில்தான் இருக்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் மறுப்பு: "இது கொடுமை இல்லையா? பன்றி அப்படிக் கத்துகிறதே!" கத்தத்தான் செய்கிறது. பண்பொழியில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். வலிக்கவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பன்றியின் மூக்கு வெறும் மூக்கு இல்லை, அதுவே அதற்குக் கை. மண்ணைக் கிளறுவதும் இரை தேடுவதும் அதனால்தான், அதனால் அங்கே உணர்ச்சி அதிகம். குதிரைக்கு மேலுதட்டை முறுக்கிப் பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அப்படிப் பிடிக்கும்போது குதிரையின் இரத்தத்தில் வலியைத் தணிக்கும் சுரப்பு கூடுகிறது என்று 1984-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள்.  சுருக்குப் போட்ட பன்றிகளின் இரத்தத்திலோ மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பும் கூடுகிறது.

நான் சிறுவயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ல ஃபோந்தேன் எழுதிய கதைப் பாட்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ஒரு வண்டியில் ஆடு, செம்மறி, பன்றி மூன்றையும் சந்தைக்கு ஏற்றிப் போகிற கதை ஒன்று. பன்றி மட்டும் ஓயாமல் கத்தும். மற்ற இரண்டும் சும்மா வருகின்றனவே, உனக்கென்ன என்று வண்டிக்காரன் அதட்டுவான். ஒன்றிடம் பால் கறப்பார்கள், மற்றதிடம் மயிர் கத்தரிப்பார்கள், என்னிடம் எடுக்க உயிரைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்ற பொருளில் பன்றி பதில் சொல்லும். வகுப்பில் நாங்கள் எல்லோரும் சிரிப்போம். இப்போது நினைத்தால், அந்த வண்டியில் நிலைமை புரிந்தது பன்றிக்கு மட்டும்தான். பிடித்தவுடன் பன்றி கத்துவதில் நியாயம் இருக்கிறது. சுருக்கைப் போட்டாலும் கத்தும், காலைக் கட்டினாலும் கத்தும். ஆகவே நாம் கேட்கவேண்டியது எத்தனை நிமிஷம் கத்துகிறது, முடிந்தபின் எழுந்து நடக்கிறதா என்பதைத்தான்.

அதற்குத்தான் சில கட்டுப்பாடுகள் உண்டு. வளர்ந்த பன்றிக்கு மட்டுமே சுருக்கு. குட்டியைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினாலே போதும். மெல்லிய கம்பி கூடாது, அறுத்துவிடும். மூக்கு நுனியில் போடக்கூடாது, பல்லுக்குப் பின்னால் போடவேண்டும். மருந்து, ஊசி எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு பிறகுதான் போடவேண்டும். சில நிமிஷங்களில் முடிக்கவேண்டும், கால் மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அதை வைத்து இழுத்துக்கொண்டு போகக்கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓட்டுவதற்கு ஒரு பலகை போதும். முன்னால் வழி அடைபட்டதாகத் தெரிந்தால் பன்றி தானே திரும்பி நடக்கும். இதையும் பண்பொழிப் பையன்தான் எனக்குக் காட்டினான்.

நம் நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்கு மூலகாரணம் கலாக்ஷேத்திரா நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, விடாமல் வாதாடினார். அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் "தேவையற்ற வலி" என்ற சொல் வருகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை, அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் அந்தத் "தேவையற்ற" என்ற சொல்லைப் பார்க்கிறேன். கட்டியைக் கீறும் வலி தேவையான வலி. உச்சி வெயிலில் நாலு பேர் துரத்தி, காலைக் கட்டி, மேலே ஏறி உட்கார்ந்தது தேவையற்ற வலி. நூறு ரூபாய்க் குழாய் ஒன்றை வாங்காததால் வந்த வலி.

இரண்டாம் மறுப்பைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: "பன்றிக்கெல்லாம் சர்க்கார் பணமா?" இதில் பன்றியைவிட, பன்றி வளர்ப்பவர்கள் யார் என்பதுதான் விஷயம். நம் பக்கத்தில் நாட்டுப் பன்றி வளர்த்தவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக வைக்கப்பட்டவர்கள். அவர்கள் மிருகத்துக்கும் அதே ஒதுக்குப்புறம். பசு செத்தால் ஊரே துக்கம் கேட்கும், தாய்ப் பன்றி செத்தால் அந்த வீட்டில் மட்டும்தான் அடுப்பு எரியாது. நான் அந்த வரியை அடித்தபோதும் என் பேனாவுக்குள் இருந்தது இதுதான், கணக்குத் தலைப்பு வெறும் சாக்கு. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பன்றியைக் கவனிப்பது நம் உடம்புக்கும் நல்லது என்பதை மறந்துவிடுகிறோம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் தெரிய வந்தது 1955-இல், நம் வேலூர்ப் பக்கத்தில். வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும் கொசு அதைப் பரப்புகிறது. கொக்கு, நாரை போன்ற பறவைகளிலும் பன்றியிலும் அந்தக் கிருமி பெருகுகிறது. பன்றியின் இரத்தத்தைச் சோதித்தால் மனிதருக்கு வருமுன்பே ஆபத்து தெரியும். பன்றிகளுக்கே வரும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அஸ்ஸாம் பக்கம் நுழைந்தது. 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்துவிட்டது. அப்போது கேரளம் வெளிமாநிலப் பன்றிகளுக்குத் தடை போட்டது. செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு, அது கேரளம்தானே. அந்தக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது, ஆனால் வந்த பண்ணையில் பன்றி மிஞ்சாது. சந்தேகம் வந்தால் இரத்தம் எடுத்துத்தான் சோதிக்கவேண்டும். வளர்ந்த பன்றிக்குக் கழுத்தடியில் உள்ள பெரிய நாளத்திலிருந்து இரத்தம் எடுக்கும்போது, தலையைச் சற்று உயர்த்தி அசையாமல் நிறுத்தவேண்டும். அந்த வேலைக்கு இந்தச் சுருக்கைத்தான் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். வெறுங்கையோடு போகும் டாக்டரிடம் "ஏன் சோதிக்கவில்லை?" என்று நாம் கேட்க முடியாது.

மூன்றாம் மறுப்பு நியாயமானது. "சுருக்கு என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள்?" நம் மலையடிவாரத்துக்காரர்களுக்கு இது தெரியும். காட்டுப்பன்றி தோட்டத்தை உழுது போடுகிறது என்று பிரேக் கம்பியில் கண்ணி வைக்கிறார்கள். அதில் பன்றி மட்டுமா விழுகிறது? சிறுத்தை மாட்டிய செய்திகளைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனை தடவை படித்திருக்கிறோம். தெருப்பன்றி பிடிப்பவர்கள் கழுத்திலும் காலிலும் கம்பியை மாட்டித் தரதரவென்று இழுத்து வண்டியில் எறிவதையும் பார்த்திருக்கிறோம். பார்க்கச் சகிக்காது.

கண்ணியும் வளையம்தான், இதுவும் வளையம்தான். ஆனால் காட்டில் வைத்த கண்ணிக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. மிருகம் திமிறத் திமிற இறுகும், தளர்த்துவார் கிடையாது. மருத்துவச் சுருக்கின் மறுமுனையில் ஒரு மனிதனின் கை இருக்கிறது. பன்றிக்கு மூச்சு வாங்கினால் பார்க்கவும் விடவும் அந்தக் கையால் முடியும். ஆகவே இதை மருந்தகத்தின் இருப்பில் வைக்கவேண்டும், பழகியவர்கள்தான் எடுக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. பிரெஞ்சு மொழியில் சிகிச்சைக்காக மிருகத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு சொல் உண்டு, "கோந்தான்சியோன்" என்பார்கள். எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி, "உள்ளே கொள்ளுதல்", "ஏந்திப் பிடித்தல்" என்ற பொருளுடைய வினையின் குடும்பத்துச் சொல் அது. நாம் "அடக்குவது" என்கிறோம். ஜுரத்தில் திமிறும் குழந்தைக்கு மருந்து புகட்ட அம்மா மடியில் இறுக்கிப் பிடிப்பதை யாரும் அடக்குவது என்று சொல்வதில்லை.

இன்னும் ஒன்று. கருவி வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று நினைக்கவேண்டாம். தினமும் தீவனம் வைக்கும் கைக்குப் பன்றி பழகும். அது மகா புத்திசாலி. பழக்கப்பட்ட பன்றி தீவனம் தின்றுகொண்டிருக்கும்போதே ஊசியை வாங்கிக்கொள்ளும். அப்படி முடிகிற இடத்தில் சுருக்கே வேண்டாம். முடியாத இடத்துக்குத்தான் சுருக்கு, கயிறும் தடியும் எந்த இடத்துக்கும் வேண்டாம். காட்டுப்பாக்கத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் பன்றி வளர்ப்பில் வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்கிறது, நம் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதிதாகப் பண்ணை வைக்கும் நம் பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். போன வாரம் பட்டறையில் சொல்லி இரண்டு சுருக்குக் கம்பி செய்தேன். அந்தப் பழைய பட்டியலில் இருந்த எண்ணிக்கை அதுதான். ஒன்றைப் பண்பொழிப் பையனிடம் கொடுத்துச் சரி பார்க்கச் சொன்னேன், வடத்தை இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போடச் சொன்னான், மாற்றினேன். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்தகத்துக்குப் போனேன். நன்கொடையாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று கேட்டேன்.

அங்கே இருந்த பெண் பதிவேட்டைத் திறந்து, பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். "எந்தத் தலைப்புல ஏத்த சார்? பன்றிக்குத் தலைப்பே இல்லையே!"

"புதுசா ஒண்ணு போடும்மா" என்றேன். அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.